சுடலையின் ஒன்பதாம் நாள்

ஆய்வுக் குழுவிலிருந்து விஜிலா வந்து அந்தப் படத்தை மேசையில் வைத்தபோது அவளுக்குப் பின்னால் நாலு பேர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இசக்கியம்மாளுக்கு அதுவே விநோதமாக இருந்தது. சரிபார்ப்புப் பிரிவுக்கு ஆள் வருவதே அபூர்வம். கூட்டமாக வந்து சிரிப்பதெல்லாம் பதினோரு வருஷத்தில் நடந்ததில்லை.

படத்தில் ஒரு வெளிச்ச வளையம், நடுவே ஒரு புள்ளி. வளையத்தின் வலது மேல்பக்கத்தில் ஒரு துண்டைக் காணவில்லை. பிய்ந்து போனது மாதிரி இல்லை. கத்தி வைத்து நறுக்கியது மாதிரி இரண்டு பக்கமும் நேர்க்கோடு.

"மேடம், சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக் கலந்திருக்கீங்க," என்றாள் விஜிலா. "ஆனா நாங்க ஏமாறல. உங்க பழைய குடையையே திரும்பக் கொண்டுவந்து வச்சா தெரியாதா?"

இசக்கியும் சிரித்து வைத்தாள். அவள் கண் மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. ஏனென்றால் அதை அவள் கலக்கவில்லை.

இது வெளியாளுக்குப் புரிய வேண்டுமானால் அந்த இடத்தின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பொதிகை மலையடிவாரத்தில், அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, கதிர்மனை என்று ஓர் ஆய்வகம். மேலே ஐந்து செயற்கைக்கோள்கள் கைகோத்தாற்போல் ஒன்றாகப் பறக்கின்றன. 'ஐவர்' என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத எக்ஸ் கதிரில் அவை வானத்தைப் படம் பிடித்து அனுப்பும். பார்க்க ஆசைப்பட்டதையெல்லாம் படத்தில் பார்த்துவிடுகிற வியாதி விஞ்ஞானிகளுக்கு உண்டு. அதற்கு மருந்தாக ஒரு விதி வைத்தார்கள். வருஷா வருஷம் தை மாதம் சீட்டுக் குலுக்கி ஒருவரைக் 'கலப்பாளர்' ஆக்குவார்கள். வந்த தரவுக்குள் அவர் யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு பொய்யைக் கலப்பார். என்ன பொய் என்று எழுதி, கவரில் ஒட்டி, இரும்பு அலமாரியில் வைத்துவிடுவார். ஏதாவது குழு பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக் கட்டுரையை முழுதாக எழுதி முடித்த பிறகு எல்லோர் முன்னாலும் கவரைப் பிரிப்பார்கள். கண்டுபிடிப்பு பொய் என்றால், ஏமாந்தவருக்கு ஏமாற்றியவர் தன் கையால் அல்வா ஊட்ட வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் வேறு எதைக் கொடுப்பது? பிறகு, கலந்தவரே அந்தப் பொய்யைக் கழித்துச் சுத்தமான தரவைத் தர வேண்டும்.

இந்த வருஷக் கலப்பாளர் இசக்கி. அவள் கலந்தது வேறொரு நட்சத்திரத்தில், எங்கோ ஒரு மூலையில் ஒரு துளி இரும்பு இருப்பதாகக் காட்டுகிற கதிர். சுடலையின் பக்கமே அவள் போகவில்லை. போவாளா!

சுடலை என்பது விஜிலாவின் படத்தில் நடுவே இருந்த அந்தப் புள்ளிக்கு அவள் வைத்த பெயர். எரிந்து அடங்கிய வெண்குள்ளன் நட்சத்திரம் ஒன்று பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சி உறிஞ்சித் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும். பதினோரு வருஷம் தாங்கும். பிறகு தாங்காது, வெடிக்கும், நோவா என்பார்கள். வீசியெறிந்த வாயு வெளியே இருக்கிற பழைய வாயுவில் மோதி, கோடி டிகிரி சூடாகி, எக்ஸ் கதிராக எரியும். அப்புறம் பதினோரு வருஷம் சத்தமே இருக்காது. "பதினோரு வருஷத்துக்கு ஒருக்கா கோயில் கொடை, சாமி ஆடி முடிச்சா அடங்கிரும். சுடலைமாடன்தான்," என்று சொன்னவள் இருபத்தொன்பது வயது இசக்கி. அப்போது அவள் வாய் ஓயாமல் பேசுவாள்.

எட்டு மாசத்துக்கு முன்னால் சுடலை மறுபடி வெடித்திருந்தது. அதற்கு முந்திய வெடிப்பின் ஒன்பதாம் நாள், ஏறிக்கொண்டே போன வெளிச்சம் சட்டென்று ஒரு படி இறங்கியது. இறங்கியது ஏறவில்லை. சில மாதங்களில் வளையம் விரிந்ததும் காரணம் படத்திலேயே தெரிந்தது. வீசிய வாயு எதிலோ முட்டி இரண்டாகப் பிரிந்திருந்தது, தாமிரபரணித் தண்ணீர் பாலத்தூணில் பிரிகிற மாதிரி. முட்டிய பொருளுக்குச் சூடு இல்லை, செவ்வாய் சுற்றுகிற பாதையையே மூடுகிற அகலம், விளிம்பு நேர்க்கோடு. அதன் மறைவில் எதுவோ பத்திரமாக இருந்தது. இரண்டு மாசம் தூக்கமில்லாமல் உழைத்து அறுபது பக்கம் எழுதினாள் இசக்கி. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஆசை அடங்காமல் ஒரு வரி: "அங்கே யாரோ குடை பிடித்திருக்கிறார்கள்."

அந்த வருஷக் கலப்பாளர் ஞானதுரை. சாத்தான்குளத்துக்காரர். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், நாலு வருஷம் ஒரே மேசை. அவர் மனைவி கட்டிக் கொடுக்கிற மீன்குழம்பில் பாதி இசக்கிக்குத்தான் போகும். கவரைப் பிரித்து அவர் வாசித்தார்: "சுடலை. ஒன்பதாம் நாள். வளையத்தில் இடைவெளி." கூடம் முழுக்கச் சிரிப்பு. இசக்கியும் சிரித்து, வாயைத் திறந்து அல்வாவை வாங்கிக்கொண்டாள். அன்று நாக்கில் ஒட்டிய அந்த ருசி இன்றுவரை அவளுக்குப் போகவில்லை.

ஏமாறுவது அங்கே குற்றமில்லை. ஆனால் 'யாரோ குடை பிடித்திருக்கிறார்கள்' என்று எழுதியவளை யார் விடுவார்கள்? மழை பெய்தால் போதும், "இசக்கி, குடை இருக்கா?" என்று கேட்பார்கள். அவள் குடை எடுத்துவருவதையே விட்டாள். பதினோரு ஐப்பசியும் நனைந்துகொண்டே பஸ்ஸுக்குப் போனாள். அவளை ஆய்வுக் குழுவிலிருந்து சரிபார்ப்புப் பிரிவுக்குத் தள்ளினார்கள். அத்தனை பேரையும் ஏமாற்றிய அபாரமான கலப்பு என்று ஞானதுரைக்குப் பெயர் வந்தது. பெயர் வந்தால் பதவி வரும். இப்போது அவர்தான் இயக்குநர்.

சரிபார்ப்புப் பிரிவின் வேலை கண்ணாடி துடைக்கிற வேலை மாதிரி. பழைய வெடிப்புகளின் கதிர் எங்காவது ஒரு தூசிப் படலத்தில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் பல வருஷம் தாமதமாக வந்து சேரும். அந்த எதிரொலியைப் பார்த்து ஐவரின் கண்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிப்பாள். மாதம் ஒரு விண்ணப்பம், இயக்குநர் கையெழுத்து. அவர் படித்ததில்லை. சரிபார்ப்புத் தரவில் பொய் கலப்பதும் இல்லை. அது நேராகப் பங்காளி நாடுகள் ஐந்துக்கும் போய்விடும். படிக்கலில் கலப்படம் செய்தால் அப்புறம் எதை வைத்து எடை போடுவது?

எல்லோரும் சிரித்துவிட்டுப் போன பிறகு இசக்கி படத்தை இழுத்து வைத்து அளந்தாள். அதே திசை, அதே ஒன்பதாம் நாள். ஒரே ஒரு வித்தியாசம், இடைவெளி முன்னைவிட அகலம். பதினோரு வருஷத்தில் அவர்கள் குடையைப் பெரிதாக்கியிருந்தார்கள். அவளுக்கு அழுகை முட்டியது. அவள் கண்டது பொய்யில்லை. அதற்கு அடுத்த நொடியே அழுகை நின்றது. அப்படியானால் அன்று பொய் சொன்னது யார்?

இரும்பு அலமாரிச் சாவியும் கலக்காத பச்சைத் தரவும், ஐவருக்குக் கட்டளை அனுப்புவதும் மசூதண்ணன் பொறுப்பு. மேலப்பாளையத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். பதினோரு வருஷத்துக்கு முந்திய பச்சைத் தரவு வேண்டும் என்று கேட்டாள். பத்து வருஷம் தாண்டியதை அழித்துவிட வேண்டும் என்பது விதி, போன ஆனியிலேயே இயக்குநர் கையெழுத்தோடு அழித்தாயிற்று என்றார். பிறகு கொஞ்ச நேரம் மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தார்.

"இசக்கிம்மா, ஒண்ணு சொல்லுதேன். அன்னைக்குக் கவர் பிரிக்கதுக்கு முந்தின நாள் ஞானதுரை வந்து சாவி கேட்டாவ. பத்து நிமிசத்துல திருப்பித் தந்துட்டாவ. நான் என்னத்துக்குன்னு கேக்கல."

"இத்தன வருஷம் ஏன்ணே சொல்லல?"

"நீங்க கேக்கலியே," என்றார் மசூது. சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மத்தியானமே இசக்கி இயக்குநர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பதினோரு வருஷமாக 'சார், நீங்க' என்று கூப்பிட்ட வாய் பழையபடி திரும்பியது.

"நீ அன்னைக்கு எதையும் கலக்கல. அப்படித்தான?"

ஞானதுரை மின்விசிறியைப் பார்த்தார். மறுப்பார் என்று நினைத்தாள். அவர் மறுக்கவில்லை. அந்தத் தை மாதம் அவர் மகள் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வெறும் தாளைக் கவரில் ஒட்டி வைத்தார், அடுத்த வாரம் கலந்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று. மறந்தே போனார். நினைவு வந்தபோது தரவு ஐந்து நாடுகளுக்குப் போய்விட்டது. பொய் கலக்காத வருஷம் செல்லாத வருஷம் என்பது விதி. முப்பத்திரண்டு பேருடைய வேலையும், மூன்று மாணவர்களின் முனைவர் பட்டமும் குப்பைக்குப் போயிருக்கும். அவர் பெயரும் போயிருக்கும். அதை மட்டும் அவர் கடைசியாகச் சொன்னார்.

இவ்வளவுதானா! பெரிய சதி, மேலிடத்து உத்தரவு என்று என்னென்னவோ எண்ணிக்கொண்டு மாடியேறியவள் எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மறதியை மூடத்தான் அவளைப் போட்டுப் புதைத்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேட்டிருக்கிறோம். இவர் ஓர் உலகத்தையே மறைத்திருக்கிறார்.

"அதுக்கு என் கண்டுபிடிப்பத் தூக்கி உன் கவருக்குள்ள போட்டுக்கிட்ட."

"அது பொய்யின்னு நெனச்சுத்தான் பொய் சொன்னேன், இசக்கி. ஏதோ கருவிக் கோளாறு, ரெண்டு மாசத்துல நீயே தப்புன்னு சொல்லிருவன்னு நெனச்சேன். நெசமா இருக்கும்னு ஒரு நாளும் எனக்குத் தோணல."

சாவி வாங்கியதையும் கவர் மாற்றியதையும்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் கூடவே சரிபார்த்தவர், அவளை ஒரு நாளும் நம்பவில்லை. 'கழித்துத் தருகிறேன்' என்று அந்த இடைவெளியைத் தன் கையாலேயே பூசி நிரப்பித் தந்தவரும் அவர்தான். ஐவருக்குக் கண் இருந்தும் பதினோரு வருஷம் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. குடையை எப்படிப் பெரிதாக்கினார்கள், யார் அவர்கள் என்று கூடவே இருந்து பார்த்திருக்கலாம். போன கதிர் போனதுதான், கூப்பிட்டால் வராது.

ஞானதுரை அழுதார். எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விதிக்காக விஜிலாவின் குழு கட்டுரையை எழுதி முடித்துவிட்டது, கவர் பிரிக்கிற நாள் ஒரு வாரத்தில் வருகிறது, அன்று எல்லோர் முன்னாலும் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். "என் வாயால நானே சொல்லுதேன். அந்த ஒரு மரியாதைய மட்டும் எனக்குக் குடு." பழகின பழக்கம், இசக்கி தலையாட்டிவிட்டாள். மீன்குழம்புக்கு அத்தனை விசுவாசம்.

அந்த நாளும் வந்தது. கூடத்தில் நாற்பது பேர். கலப்பாளர் கையில் அல்வாப் பொட்டலம் இல்லையே என்று விஜிலாதான் முதலில் கவனித்தாள். அவள் முகம் வெளுத்தது. இசக்கி கவரைப் பிரித்து வாசித்தாள்: ஒரு துளி இரும்பு, வேறு நட்சத்திரம். சுடலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள், யாரோ சந்தோஷத்தில் அழுதார்கள்.

"அப்போ... மேடம் அன்னைக்குப் பாத்தது?" என்று கேட்டாள் விஜிலா.

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். ஞானதுரை எழுந்தார், கண்ணாடியைத் துடைத்தார், இசக்கியைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையசைத்தாள். சொல்லுங்கள் என்று.

"இயற்கை இப்படியும் ஒரு விளையாட்டு விளையாடும்னு நான் நெனைக்கல," என்று ஆரம்பித்தார். "பதினோரு வருஷத்துக்கு முந்தி இந்த இடைவெளியக் கலந்தது நான். சும்மா கலக்கல. பக்கத்துல உயிர் இருந்தா இந்த வெடிப்பிலிருந்து எப்படித் தன்னக் காத்துக்கிடும்னு கணக்குப் போட்டுத்தான் கலந்தேன். அன்னைக்குக் குடை அங்க இருந்துதா, பொறவு வந்துதா, எனக்குத் தெரியாது. ஆனா என் கணக்கு இன்னைக்கு மேல நிக்குது."

கைதட்டல் கூரையைத் தொட்டது. பொய்யென்று எழுதி வைத்த தாள் இப்போது தீர்க்கதரிசனம் ஆகிவிட்டது. அவர் கையெழுத்தில், தேதியோடு, அலமாரியில் பத்திரமாக இருக்கிற தீர்க்கதரிசனம்.

இசக்கி எழுந்து நின்றாள். அவர் எதையும் கலக்கவில்லை, வெறும் தாள்தான் வைத்தார், அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார் என்றாள். குரல் நடுங்காமல்தான் சொன்னாள். ஞானதுரை வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். பச்சைத் தரவு இருந்தால் இப்போதே பார்த்துவிடலாம், விதிப்படி அழித்துவிட்டோமே என்று மசூதின் பக்கம் திரும்பினார். மசூதண்ணன் எழுந்து, ஆமாம், அழித்தாயிற்று என்றார். சாவியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அவருக்கும் ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் முகத்தில் இசக்கி பழைய சிரிப்பைத் தேடினாள். அதுகூட இல்லை. பாவம் என்று பார்த்தார்கள்.

மறுநாள் செய்திகளில் அதற்கு 'ஞானதுரை இடைவெளி' என்று பெயர் வந்தது.

மூன்றாம் நாள் விஜிலா சரிபார்ப்பு அறைக்கு வந்தாள், இந்தத் தடவை தனியாக. இசக்கியின் பழைய அறுபது பக்கத்தையும் படித்துவிட்டு வந்திருந்தாள். கலந்த பொய் ஒரு மாதிரி வழவழப்பாக இருக்கும் என்றும், அந்தப் பக்கங்களில் இருக்கிற எண்களில் நிஜத்தின் சொரசொரப்பு இருக்கிறது என்றும் சொன்னாள். ஆனால் அதை வைத்து யாரிடம் போய் நிரூபிப்பது? தரவே இல்லையே.

இசக்கி ஒரு வரைபடத்தை விரித்தாள். சுடலைக்கு ஒரு விரல்கடை தள்ளி ஒரு தூசிப் படலம். "வெடிச்ச கதிர் நம்மள மட்டும் பாத்தா வந்துது? எல்லாப் பக்கமும் போச்சு. இந்தா, இதுல பட்டுத் திரும்பி வாறது சுத்துவழி. பதினோரு வருஷமும் எட்டு மாசமும் லேட்டு."

விஜிலா விரலை வைத்துக் கணக்குப் பார்த்தாள். வாய் பிளந்தது. "அப்போ பழைய வெடிப்பு இப்பத்தான் வந்துக்கிட்டிருக்கா?"

"மூணு நாளா வந்துக்கிட்டிருக்கு. இடைவெளிய அதுல படமாப் பாக்க முடியாது. ஆனா வெளிச்சம் ஒரு படி எறங்கிச்சே, அது தெரியும். குடை அன்னைக்கே அங்க இருந்திருந்தா, அவரு பொய்யக் கழிச்ச பொறவும் அந்தப் படி மிச்சம் இருந்திருக்கணும், அவரு தந்ததுல அது இல்லியே. இன்னும் ஆறு நாளுல ஒன்பதாம் நாள். சரிபார்ப்புத் தரவு நேரா அஞ்சு நாட்டுக்கும் போயிரும், அவரு ஆபீஸ்ல இருக்கதத்தான் அழிக்க முடியும்."

விண்ணப்பம் தயாராக இருந்தது. எப்போதும் போல ஒரே பக்கம்: மாதாந்தரக் கருவிச் சரிபார்ப்பு, தூசி எதிரொலி, பத்து நாள், ஐவர் திரும்ப வேண்டிய திசைக்கு இரண்டு எண்கள்.

இயக்குநர் அறையில் பூங்கொத்துகள் வாடிக்கொண்டிருந்தன. ஞானதுரை போனில் யாரிடமோ தன் கணக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். இசக்கியைக் கண்டதும் சங்கடப்பட்டு, போனைக் காதில் இடுக்கியபடியே பேனாவை எடுத்தார். வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். இசக்கி அதை வாங்கிக்கொண்டு, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். வாழையிலையில் சூடாக, நெய் கசிகிற அல்வா.

அவர் போனை வைத்தார். அவர் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. "நீ கோவமா இருப்பன்னு நெனச்சேன். என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல சார். சூட்டோட சாப்பிடுங்க." ஒரு துண்டைப் பிட்டு, விதிப்படி தன் கையாலேயே நீட்டினாள். அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

அவள் மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பாள். மேலே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "இசக்கி," என்று ஒரு குரல். பிறகு கொஞ்சம் பலமாக, "இசக்கி, அது என்ன பேப்பர்?" அவள் திரும்பவில்லை.

கீழே மசூதண்ணன் தாளை வாங்கினார். இந்தத் தடவை அவர் படித்தார். இரண்டு எண்களின் மேல் விரல் நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மாடிப்படியில் யாரோ வேகமாக இறங்கி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னத்துக்குன்னு நான் கேக்கலம்மா," என்று சொல்லிவிட்டு, ஐவரைத் திருப்புகிற கட்டளையை அனுப்பினார்.